முக்கால் மில்லிமீட்டர்

"நீங்க முதல்ல வரைஞ்ச அசல் ஃபைலை அனுப்புங்க. எங்க ஆளுங்க யாரும் கை வைக்காதது. இன்னிக்கே வேணும்."

மேசை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனைப் பார்த்து நான் இதைச் சொன்னதும் மேனேஜர் பாய்ந்து மியூட் பொத்தானை அழுத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? சேர்ந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா? கஸ்டமர்கிட்ட எதையும் கேக்கக் கூடாது. கொடுக்கறத வாங்கணும், பச்சையாக்கணும், திருப்பி அனுப்பணும். வாயைத் திறந்து கேட்டா நமக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்."

சொன்னார்தான். அவருக்கு முன்னாலேயே அம்மாவும் சொல்லியிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், ஆஸ்பத்திரி யூனிஃபார்முக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "போற இடத்துல அது வேணும் இது வேணும்னு கேக்காத. கேட்டு வாங்கற எடத்துல நம்ம இல்லடி" என்றாள். அவள் அங்கே தரை துடைக்கிறாள். கையுறை கிழிந்தால் வேறு கேட்க மாட்டாள். கிழிசலோடு மருந்துத் தண்ணீரில் கையை விடுவாள். விரல்நுனிகளில் தோல் உரிந்து உரிந்து ரேகையே போய்விட்டது. அந்தக் கையால்தான் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

மியூட் செய்தது எங்கள் குரலை மட்டும்தான். கஸ்டமர் கம்பெனியின் டிராயிங்காரர் குரல் வந்துகொண்டிருந்தது. "அனுப்பறேன் மேடம், அதுக்கென்ன." விவரம் தெரியாத நல்ல மனிதர். மேனேஜர் என்னை முறைத்தார். நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை இதுதான். கஸ்டமர் ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவார். அதை எங்கள் மென்பொருளில் இறக்கி, வலை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். இதற்கு மெஷ் என்று பெயர். பிறகு இவ்வளவு பாரம் ஏற்றினால் எந்த இடம் வளையும், எந்த இடம் உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். சிக்கல் எல்லாம் இறக்கும் இடத்தில்தான். ஒரு மென்பொருளில் வரைந்தது இன்னொன்றில் முழுசாக இறங்குவதே இல்லை. பரப்புகள் மயிரிழை விலகி நிற்கும். சில காணாமலே போகும். பக்கத்துப் பரப்போடு ஒட்டிய விளிம்பு பச்சையாகத் தெரியும், ஒட்டாதது சிவப்பாக. சிவப்பு இருந்தால் மெஷ் விழாது. அதற்கு டாலரன்ஸ் என்று ஒரு எண் உண்டு. இதைவிடச் சின்ன இடைவெளியை எல்லாம் பிழை என்று எடுத்துக்கொண்டு மூடிவிடு என்று மென்பொருளுக்குச் சொல்லும் எண்.

எங்கள் ஆபீஸ் வழக்கம், சிவப்பு போகும் வரைக்கும் அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போவது. மேனேஜர் ஒவ்வொரு மேசையாக வந்து நிற்பார். "பச்சை ஆச்சா?" வேறு எதுவும் கேட்க மாட்டார்.

இதில் கில்லாடி எனக்கு முன் மேசைக்காரர். எவ்வளவு கிழிந்து வந்த ஃபைலையும் தைத்துவிடுவார் என்பதால் டாக்டர் என்று கூப்பிடுவோம். போன வருஷம் அவர் தைத்த ஒரு ஃபைல்தான் இப்போது என் மேசைக்கு வந்திருந்தது. கார் ஷெட்டில் வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்டின் கை. தாங்கும் என்று எழுதிக் கொடுத்தோம். அவர்களும் செய்து ஊரெல்லாம் விற்றார்கள். ஒரு ஷெட்டில் அந்தக் கை முறிந்தது. கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அங்கேயே போய்விட்டார். விபத்தை விசாரிக்கும் அரசு அலுவலகம் எங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தது. அதோடு சேர்த்து, இன்னொருவரும் கணக்குப் போட்டார், அதே விடைதான் வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான்.

ஆனால் எனக்குத் தந்தது டாக்டர் ஏற்கெனவே தைத்து முடித்த ஃபைல். பச்சைப் பசேல் என்று இருந்தது. எங்கே கிழிந்திருந்தது, எதை மூடினார் என்று அதில் எப்படித் தெரியும்? போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்லிவிட்டுப் போட்டோவை நீட்டுவது மாதிரி. அதனால்தான் அசலைக் கேட்டேன்.

என் அண்ணனும் கார் மெக்கானிக். மதியம் அவனுக்கு போன் போட்டேன். பின்னால் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது.

"என்ன இன்ஜினியரம்மா, பட்டப்பகல்ல அண்ணன் ஞாபகம்?"

"உங்க ஷெட்ல லிஃப்டு என்ன கலர்?"

"ஏன், மேட்சிங்கா டிரஸ் எடுக்கப் போறியா?"

"விளையாடாதண்ணா. சொல்லு."

"நீலம். ஏய், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

முறிந்தது ஆரஞ்சு. எங்கள் கஸ்டமர் விற்றதெல்லாம் ஆரஞ்சுதான். அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த அடுத்த நொடியே என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. நீல லிஃப்டுக்குக் கீழே நிற்கிறவன் என் அண்ணன், ஆரஞ்சு லிஃப்டுக்குக் கீழே நிற்கிறவன் யாரோ.

ஃபைல் வந்தது. இறக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு, சொறி பிடித்த மாதிரி. முதலில் அலகைச் சரிபார்த்தேன். மில்லிமீட்டரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டு எலி பொம்மையை யானையாக இறக்கிய கூத்தெல்லாம் எங்களிடம் நடந்திருக்கிறது. அலகு சரி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை இறங்கியிருந்த பரப்புகளில் ஒன்றை நீக்கினேன். நகத்துணுக்கு மாதிரிக் கூராக நீட்டிக்கொண்டிருந்தவற்றை அழித்து, சுற்றியுள்ள விளிம்புகளைப் பிடித்துப் புதிதாக மூடினேன். டாலரன்ஸைத் தொடவே இல்லை. ஒவ்வொரு இடைவெளியாக அளந்தேன். எல்லாம் கண்ணுக்கே தெரியாத அளவு, ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவு. பிழை அப்படித்தான் இருக்கும். அவற்றை மட்டும் ஒட்டினேன்.

ஓர் இடம் மிஞ்சியது. கையின் குழாய் மேல் முட்டுக் கொடுக்கும் பிளேட் உட்காரும் இடம். அங்கே இரண்டு சிவப்புக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அளந்தேன். முக்கால் மில்லிமீட்டர். நடுவில் அளந்தேன், அந்தக் கோடியில் அளந்தேன். முக்கால், முக்கால். பிழை இவ்வளவு ஒழுங்காக வராது. ஒழுங்காக இருந்தால் யாரோ வேண்டுமென்றே வரைந்தது.

மறுபடியும் கேட்கக் கூடாததைக் கேட்டேன். இந்தத் தடவை என் செல்போனிலிருந்து.

"அது பிளவுதான் மேடம்" என்றார் டிராயிங்காரர். "அந்தச் சந்துக்குள்ள வெல்டிங் டார்ச் நுழையாது. மூணு பக்கம்தான் வெல்டு. நாலாவது பக்கம் பிளேட்டு குழாயைத் தொடாது, பெயிண்ட் இறங்க இடம் விட்டிருக்கோம். டிராயிங்லயே எழுதியிருக்கேனே?"

எழுதியிருப்பார். எழுத்து இறங்காது. வடிவம் மட்டும்தான் இறங்கும்.

டாக்டரைக் கூப்பிட்டேன். சூயிங்கம் மென்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா கூப்பிட்ட? டாலரன்ஸ ஏத்து தாயே, போயிடும்."

"போயிடும் டாக்டர். நீங்க எவ்வளவு வச்சீங்க?"

"ஒண்ணு."

"இந்த இடைவெளி முக்கால்."

மெல்லுவது நின்றது. டிராயிங்காரர் சொன்னதைச் சொன்னேன். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். எண்ணை ஒன்று என்று வைத்ததும் பிளேட்டும் குழாயும் ஒரே கட்டியாகிவிட்டன. நிஜத்தில் விலகி நிற்கிற இரும்பு எங்கள் கணக்கில் ஒட்டிக்கொண்டு பாரம் தாங்கியது.

"அன்னிக்கு மேனேஜர் தலைமேல நின்னாரு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும்னு. பச்சையாச்சு, விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "எம்மா, என் பேரு வெளிய வராம பாத்துக்கோ. கைக்குழந்தை வச்சிருக்கேன்."

"அந்தாளுக்கும் வீட்ல யாராவது இருந்திருப்பாங்க."

"நான் என்ன வேணும்னா பண்ணேன்?"

"அப்ப நீங்களே வந்து மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நானும் கூட நிக்கறேன்."

அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

பிளவின் உள்கோடியில் நாடா மாதிரி ஒல்லியான ஒரு பரப்பு இருந்திருக்க வேண்டும். இறங்கும்போது அது தொலைந்திருந்தது. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அதைத் திரும்பப் போட்டேன். பிளவு பிளவாகவே இருக்க, விளிம்புகள் பச்சையாயின. கட்டங்களைப் பொடியாக்கியபின் மெஷ் விழுந்தது. கணக்கை ஓட விட்டேன்.

வந்த விடையை இரண்டு தடவை பார்த்தேன். பிளவின் உள்கோடியில், வெல்டு ஆரம்பிக்கிற இடத்தில், இரும்பு தாங்கக்கூடிய அளவை விடை எங்கேயோ தாண்டியிருந்தது. விசாரணை அலுவலகம் அனுப்பிய கடிதத்தோடு முறிந்த கையின் படம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரிசல் அங்கேதான் ஆரம்பித்திருந்தது. வண்டியைத் தப்பாக ஏற்றத் தேவையில்லை. ஒழுங்காக ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கியே அது முறியும். விற்ற எல்லாக் கையும் முறியும்.

படம், அளவு, டிராயிங்காரர் சொன்னது, லிஃப்டுகளை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்ற வரி. எல்லாவற்றையும் ஒரே மெயிலில் போட்டேன். பெறுநர் இடத்தில் விசாரணை அலுவலகம், கீழே கஸ்டமர், அதற்கும் கீழே மேனேஜர். டாக்டர் பெயரை எழுதவில்லை. என் பெயரை எழுதினேன். அனுப்பினேன். வேறு எந்த ஆபீசும் என்னை இனி எடுக்காது என்று தெரிந்துதான் அனுப்பினேன். அம்மாவின் கை ஞாபகம் வந்தது. அனுப்பிய பிறகுதான் வந்தது, நல்லவேளை.

மேனேஜர் கூப்பிட்டார். மெயிலைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"பச்சை ஆச்சா?"

"ஆச்சு சார். ஆனா கை தாங்காது." எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலை மட்டும் சொல்லவில்லை. அந்த லிஃப்டுக்குக் கீழே நிற்கிறவனைப் பற்றி இந்த மனிதர் ஒரு வார்த்தையாவது கேட்பாரா என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கு."

"சரி. அதோட நிக்கட்டும். டாலரன்ஸ் ஒண்ணு வச்சு மறுபடி ஓட்டு. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுது. அந்த மெக்கானிக் வண்டியை ஓரமா ஏத்திட்டான்னு கஸ்டமர் சொல்லப் போறாங்க. நமக்கென்ன வந்தது? போனவன் திரும்பி வரப் போறானா?"

"இருக்கறவங்க கீழ நிக்கறாங்க சார்."

"உங்க அண்ணன் ஷெட்ல இருக்கா அந்த லிஃப்டு?"

"இல்ல. அங்க நீலம்."

"அப்புறம் என்ன?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "இதோ பாரும்மா. உன் சர்டிபிகேட்டை எந்த இடத்துலயும் திரும்பிக்கூட பாக்கல. தரை துடைக்கிற அம்மா பெத்த பொண்ணாச்சேன்னு பாவம் பாத்து எடுத்தவன் நான். அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பாத்தேன் சார். எங்கம்மா ஒரு எடத்தைத் துடைச்சா அந்த எடம் நிஜமாவே சுத்தமா இருக்கும்."

கழுத்தில் இருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். கவிழ்ந்து கிடந்த போன் அப்போதுதான் அதிர ஆரம்பித்தது. திருப்பிப் பார்த்தார். கஸ்டமர். எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வச்ச?"

பதில் மெயிலிலேயே இருக்கிறது.

என் மேசையில் சாப்பாட்டு டப்பா, குடை, இரண்டு பேனா. டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. ஈர முகத்தோடு திரையைப் பார்த்தபடி இருந்தார். புது ஃபைல் ஒன்று இறங்கியிருந்தது, திரை கொள்ளாத சிவப்பு. நான் அவரைக் கடக்கும்போது அவர் விரல் டாலரன்ஸ் கட்டத்தில் ஒன்று என்று தட்டியது. சிவப்பெல்லாம் ஒரே நொடியில் பச்சையானது.

மேனேஜர் அறையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் படியிறங்கினேன்.