தாழ்வாரத்தில் தொங்கிய கோட்டு

முரட்டுக் காளையைக் காலை மடக்கிச் சாய்த்து ஊசி போடத் தெரிந்த ஆம்ப்ருஷுக்கு, ஒரு பெண்ணிடம் "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்க மட்டும் வரவில்லை. வயது நாற்பத்து நான்கு. தொழில் கால்நடை வைத்தியம். தையல்காரி எடெல்காவின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போவது, கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் தின்பது, மழையைப் பற்றிப் பேசுவது, திரும்பிவிடுவது. இரண்டு வருஷமாக இதுதான் அவர் செய்துகொண்டிருந்த காதல்.

அக்கா ரொசாலியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்குத்தான் வாய் வரல. உன் கோட்டையாவது பேச விடேண்டா!"

திஸா ஆற்றங்கரையின் பழைய வழக்கம் அது. ஆசைப்பட்டவன் தன் கோட்டைப் பெண் வீட்டில் 'மறந்து' விட்டு வருவான். விடிந்தபின்னும் அது உள்ளேயே இருந்தால் சம்மதம். வாசல் தாழ்வாரத்தில் தொங்கினால், எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்றாலும், அர்த்தம் தெரியாதவர் ஊரில் கிடையாது.

அந்த ஞாயிறு ஆம்ப்ருஷ், எடெல்காவின் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் கோட்டை விட்டுவிட்டு, அக்டோபர் குளிரில் வெறும் சட்டையோடு வீடு வந்து சேர்ந்தார். பல் தந்தியடித்தது. மனசு மட்டும் கதகதவென்று இருந்தது.

மறுநாள் காலை சைக்கிளில் அந்தத் தெருவழியே போனார். கோட்டு தாழ்வாரத்தில் தொங்கியது. சும்மாவும் இல்லை, கம்பு ஒன்றில் கோத்து, இரண்டு கையையும் விரித்து, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி தெருவுக்கே காட்சி கொடுத்தது.

எதிரே வந்த தபால்காரர் பாலின்ட் தொப்பியைக் கழற்றினார். "நானும் பாத்தேன் டாக்டரே. மனசத் தேத்திக்கங்க."

மூன்று நாள் ஆம்ப்ருஷ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சினையாடு ஒன்றைப் பார்க்கக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போனார். தும்மல் மட்டும் கூடவே வந்தது.

"அவ வேணாம்னா போறா. கோட்டு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள் அக்கா. "போய் எடுத்துட்டு வா. இல்லாட்டி உன்னப் பெட்டியில வச்சுத்தான் எடுக்கணும்."

சத்தமில்லாமல் உருவிக்கொண்டு ஓடிவிடுவதாகத் திட்டம். தொட்டதும் கை நின்றது. கோட்டு ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. மூன்று வருஷமாக இல்லாத நடுப்பொத்தான் திரும்ப முளைத்திருந்தது. மற்றதெல்லாம் கறுப்பு, அது மட்டும் சிவப்பு.

கதவு திறந்தது.

"ஏங்க, ஒரு கோட்டு இப்படியா ஆட்டு நாத்தம் அடிக்கும்?" என்றாள் எடெல்கா. "நாலு தண்ணி மாத்தினேன், நாலும் சாக்கடை! மூணு நாளா காயவே மாட்டேங்குது. ஆமா, இது இல்லாம எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"நீங்க... தோய்ச்சுத்தான் வெளிய போட்டீங்களா?"

"பின்ன, உள்ள போட்டா எப்படிக் காயும்?"

சொன்னவள் கோட்டைப் பார்த்தாள். தாழ்வாரத்தைப் பார்த்தாள். அவருடைய சிவந்த மூக்கைப் பார்த்தாள். கை வாய்க்குப் போயிற்று.

"ஐயோ! அன்னிக்கு நீங்க மறந்துட்டுப் போகலையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார் ஆம்ப்ருஷ். தும்மல்தான் வந்தது.

எடெல்கா கம்போடு கோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அதே ஆணியில் மாட்டினாள். காலையில் துடைத்த தரையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"தரை நனையுதே," என்றார் அவர், வாசலில் நின்றபடி.

"நனையட்டும். உள்ள வந்து கதவச் சாத்துங்க."