அளக்காத நாள்

1991 மார்ச் முழுக்க வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் பென்னலூருக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்து மழைமானியில் தினமும் காலை எட்டரை மணிக்குத் தண்ணீர் இருந்தது. அளந்து எழுதுவது வாட்ச்மேன் ரகுபதியின் வேலை. முதல் நாள் 31 மில்லிமீட்டர். அது போன நவம்பரின் மழை என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அப்போது அவர் மனைவி பாஞ்சாலியோடு பதின்மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் காரியத்தை முடித்துவிட்டு வந்து, மாதக் கணக்கு அனுப்ப வேண்டுமே என்று அத்தனை நாளுக்கும் சைபர் போட்டிருந்தார். எழுதாமல் விட்ட மழை திரும்பி வந்திருந்தது.

குடுவையில் ஊற்றும்போது தண்ணீர் பாஞ்சாலியின் குரலில் பேசியது. அந்தந்த நாளில் அவள் சொன்னதைத்தான் சொன்னது. நவம்பரின் முதல் சைபரை அடித்து 31 என்று எழுதியதும் குரல் நின்றது. அவள் என்ன சொன்னாள் என்பதே அவருக்கு மறந்துபோனது. அதனால் இரண்டாம் நாளின் மழையை எழுதாமல் வைத்தார். அதே மழை, அதே பேச்சு ஒரு வாரம் வந்தது: "மழ பெய்துய்யா, போய் அளந்துட்டு வா. வேலைய புடுங்கிடப் போறாங்க."

"வெயில்ல மழ அளந்துகினு கீறியே மாமா, எங்க நெல்லுக்கு ரெண்டு குடுவ ஊத்தேன்" என்று வயலுக்குப் போகிற சின்னப்பொண்ணு கேலி செய்தாள்.

ஏரிக் கால்வாயை எதுவரை வெட்டலாம் என்று திட்டம் போட இன்ஜினியர் ஜீவானந்தம் வந்தார். சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே மழைக்கணக்கு ரகுபதியின் நோட்டுதான். ஊருக்கு வரும் தண்ணீர் அந்த நோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் ரகுபதி சைபர்களை அடித்துத் திருத்தினார். அடுத்த பதினோரு காலைகளில் பதினோரு பேச்சும் தீர்ந்தன. எல்லாமே போகச் சொன்ன பேச்சுகள்.

கடைசி நாளின் மழை 64 மில்லிமீட்டர். அது அவள் செத்த நாள். குரல் சன்னமாக, "இன்னிக்கு மட்டும் போவாதய்யா" என்றது. ரகுபதி அந்தச் சைபரை அடித்து, மேலே ஒரு கோடு இழுத்தார்.

"என்ன ரகுபதி, குடுவையில தண்ணி நிக்குது, நோட்டுல கோடு?" என்று ஜீவானந்தம் கேட்டார்.

"அது அளக்காத நாளு சார்."

"கோட்டை ஆபீஸ்ல சைபர்னுதான் எடுத்துக்குவாங்க. அவ்ளோ மழை கொறஞ்சா கால்வாய் கடைசிக் காணிக்கு எட்டாது. அது யார் நெலம்?"

"எங்குதுதான் சார்."

ஜீவானந்தம் குடுவையைப் பார்த்தார். பிறகு சைபர் என்று எடுத்துக்கொண்டார்.

கால்வாய் சின்னப்பொண்ணின் வயல்வரை வந்து நின்றது. ரகுபதியின் காணி காய்ந்தது. சில வருஷங்களில் வயல்கள் கம்பெனிகளாயின. சின்னப்பொண்ணின் மகளும் ஷிப்டுக்குப் போனாள். 64 மில்லிமீட்டர் மட்டும் தவறாமல் வந்தது. ரகுபதி ஊற்றிக் கேட்டுவிட்டு, கோடு இழுத்துவிட்டு, தண்ணீரைக் காணியில் கொண்டுபோய் விட்டார். "இன்னிக்கு மட்டும் போவாதய்யா" என்ற குரல் ரோடுவரை கேட்கும். மணி எட்டரை ஆகிவிட்டதே என்று வேலைக்குப் போகிறவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.