சாபினாவின் எடை

சாபினா ஏறியதும் படகு மூழ்கிய அன்று, அவள் போன வருஷத்தைவிட இளைத்துத்தான் இருந்தாள். பெரு நாட்டின் கிழக்குக் காட்டில், தங்கம் அரிக்கும் ஆற்றங்கரையிலிருந்த புவெர்த்தோ கார்மெலாவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரத்து இலைகள் தகரக் கூரை நெளியும்படி விழத் தொடங்கி ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. குருவிகள் பறப்பதை விட்டுவிட்டு, சந்தைக்குப் போகிறவர்களைப் போலப் பாதையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. படகுக்காரன் ஃபெர்மின் சட்டையைப் பிழிந்தபடி, "கோச்சுக்காதீங்க அக்கா, இனிமே நீங்க ஏறுனா மத்தவங்க நீந்தித்தான் வரணும்" என்றான்.

அவள் கணவன் எலியோதோரோவுக்கு மட்டும் நெஞ்சு குறுகுறுத்தது. அவன் கடை வைத்துத் தங்கம் சுடுபவன். ஆற்றில் அரிப்பவர்கள் தங்கப் பொடியைப் பாதரசத்தில் பிசைந்து உருண்டையாக்கிக் கொண்டுவருவார்கள்; அவன் தீக்குழாயால் சுடுவான்; பாதரசம் புகையாகிக் காட்டுப் பக்கம் போய்விடும், தங்கம் தட்டில் நிற்கும். கேட்பதற்குக் காட்டுக்கு வாயா இருக்கிறது என்பது அவன் எண்ணம். காடோ வாங்கி வைத்துக்கொண்டே இருந்தது. இலை புகையைக் குடித்தது, உதிர்ந்த இலையைப் புழு தின்றது, புழுவைச் சிலந்தியும் சிலந்தியைக் குருவியும் தின்றன. மிச்சத்தை மழை அடித்துப்போய்ப் பக்கத்து ஏரியில் சேர்க்க, அங்கே சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கியது. வாய்க்கு வாய் கனம் கூடியது. எல்லாவற்றையும் தின்று தீர்த்த கிழட்டுக் கெளுத்தியின் தலையைத்தான் சாபினா வாழைக்காயோடு வேகவைத்து ரசித்துச் சாப்பிட்டாள், கர்ப்பமான பிறகு இரண்டு பங்காக.

கட்டில் ஒடிந்தது. அவள் விரல் நுனிகள் மரத்துப்போயின.

"நான் தின்னது மீனை. மீன் தின்னது உன் கடையை. நிறுத்துய்யா அதை."

"நிறுத்திட்டு? குருவியோட சேர்ந்து நானும் நடந்து போயி பூச்சி பொறுக்கவா?" என்றான் எலியோதோரோ.

மறுநாள் அவள் நேரே கடைக்கு நடந்தாள். எந்த நாற்காலியும் தாங்காததால் கடை வாசலில் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தைக்குச் சட்டை பின்னத் தொடங்கினாள். தங்கம் கொண்டுவந்தவர்கள் கெஞ்சினார்கள், பிறகு தோள் கொடுத்துத் தள்ளினார்கள், கடைசியில் மண் வாரும் இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். இயந்திரம்தான் அவளை நோக்கி வந்தது. "பாத்து முக்குங்கப்பா, வெயில் வேற" என்றாள் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். பொழுது சாய்ந்தால் தானாகவே எழுந்து வீட்டுக்குப் போவாள். விடிந்தால் அவனுக்கு முந்தி வாசலில் இருப்பாள். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் வைது தீர்க்கத்தான் எலியோதோரோ வெளியே வந்தான். அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளை நடுங்கி, பாதித் தண்ணீர் மடியில் சிந்தியிருந்தது. குவளையை வாங்கி அவனே பிடித்துக் குடிக்கவைத்தான். உள்ளே போய்த் தீக்குழாயின் வாயைக் களிமண்ணால் அடைத்தான். அதே கடையில் முடிவெட்டத் தொடங்கினான். அந்த ஊர் ஆண்களின் காதுத் தழும்புகள் அந்தக் காலத்தவை.

சாபினா பாசி தின்னும் சின்ன மீன்களுக்கு மாறி, மெல்ல மெல்லப் பழைய எடைக்கு வந்தாள். காட்டுக்கு அவ்வளவு அவசரமில்லை; இலைகள் இன்றும் 'டணங்' என்றுதான் விழுகின்றன. மகள் ருஃபினா பிறந்தபோது, தாயிடமிருந்த கனத்தில் பெரும்பங்கு அவளிடம் வந்திருந்தது. நடை தாமதமாக வந்தது, பேச்சு அதைவிடத் தாமதமாக. இரண்டையும் நினைத்து எலியோதோரோ கொல்லைப்புறம் போய் அழுவான், மூக்கைச் சிந்திவிட்டு வந்து அவளை விளையாடக் கூப்பிடுவான்.

ஆறு தலைக்கு மேல் ஏறிய வருஷம், மரக்கால்களின் மேல் நின்ற வீடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. எலியோதோரோ மகளை மேட்டில் உட்காரவைத்து, தன் வீட்டின் கயிற்றை அவள் இடுப்பில் கட்டினான். பக்கத்து வீட்டுக்காரியும் கயிற்றோடு வந்து நின்றாள்.

"கண்ணு, எங்க வீட்டையும் கொஞ்சம் புடிச்சுக்கிறியா?"

ருஃபினா வாழைப்பழத்தை மென்றபடி தலையாட்டினாள். பின்னால் தெருவே கயிறுகளோடு வரிசையில் நின்றது.