கையுறை கழட்டின கதை

நான்தான், நீங்க ஒல்லின்னு கூப்பிடற உங்க பையன் பேசறேன். வயசு இருபத்தி மூணு ஆச்சு, புத்தி இன்னும் வரல. இப்ப இருக்கறது சலவைக் கூடத்துல, துவைச்ச துணி அடுக்கி வைக்கிற ரூம்ல. சாப்பாட்டு நேரம், அரை மணி இருக்கு. கையால டைப் பண்ணா பாதியில அழிச்சுடுவேன், எனக்கே தெரியும். அதான் வாயால சொல்றேன், போன் எழுதிக்குது. அப்பா, முழுசா படிங்க. பாதியில வச்சுட்டு போன் பண்ணித் திட்டாதீங்க. கடைசியில திட்டுங்க.

அக்கா என் போனை எடுக்கல. மச்சான் போனையும் எடுக்கல. "சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்துடாதீங்க, புள்ளைங்க முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாதீங்க"ன்னு அவருக்கு ஒரே ஒரு மெசேஜ். இங்க என்னோட ஒரே கூடத்துல வேலை பார்த்து, ரெண்டு வருஷம் கழிச்சு லீவு கெடைச்சு ஊருக்கு வர்ற மனுஷனுக்கு.

அக்காவுக்கு யாரோ அனுப்பின அந்தக் கதைய நீங்களும் படிச்சிருப்பீங்க. சலவைக் கூடத்துல ஒருத்தன் புதுசா பழகின பொம்பளையோட போன்ல பேசறதுக்காக கையுறைய கழட்டினான், அழுக்குத் துணியில இருந்த ஊசி குத்திருச்சுன்னு. அத எழுதினது நான்தான்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க வேலை என்னன்னு உங்ககிட்ட ஒழுங்கா சொன்னதில்ல. "துணி துவைக்கிற கம்பெனி"ன்னு நாசூக்கா சொல்லி வச்சேன். ஆஸ்பத்திரித் துணி அது. மூட்டை மூட்டையா வரும். ரத்தம், சீழ், மூத்திரம், அதுக்கு மேலயும். சாயங்காலம் எத்தனை சோப்பு போட்டாலும் நகத்துக்குள்ள அந்த வாடை இருக்கும், சோத்துல கை வைக்கவே ஒரு மாதிரி இருக்கும். மோசமான துணி சிவப்புப் பையில வரணும். அதைப் பிரிக்கவே கூடாது, அப்படியே மெஷின்ல போட்டா சுடுதண்ணியில பையே கரைஞ்சுடும். வெள்ளைப் பைன்னா பிரிச்சு, தரம் பிரிச்சுப் போடணும்.

அன்னைக்கு சிவப்புல வர வேண்டியது வெள்ளையில வந்துச்சு. கெட்டிக் கையுறை மூணு நாளா ஸ்டாக் இல்ல. கேட்டதுக்கு சூப்பர்வைசர், "பாத்துப் பண்ணுங்கப்பா, நாளைக்கு வந்துரும்"னார். மச்சான் வெறுங்கையால பையப் பிரிச்சார். நான் பக்கத்துலதான் நின்னேன். உள்ளங்கையில ஊசி ஏறிருச்சு. "மாப்ள, பைப்பத் தொற"ன்னார், அவ்ளோதான். கையில போன் இல்ல, காதுல போன் இல்ல. போன் லாக்கர்ல பூட்டியிருந்துச்சு. இத நான் யார் தலையில வேணா அடிச்சு சத்தியம் பண்ணுவேன்.

அந்த ஊசி யார் உடம்புல ஏறினதுன்னு தெரியாது. அதனாலதான் ஆறு மாசத்துல மூணு தடவை ரத்த டெஸ்ட். ரெண்டு முடிஞ்சுது, ஒண்ணும் இல்ல. மூணாவது பாக்கி. வேற எதுக்காகவும் அந்த டெஸ்ட் இல்ல. அக்கா காதுல இது விழணும்.

இப்ப என் லட்சணத்துக்கு வர்றேன்.

இங்க சுவத்துல ஒரு நோட்டீஸ் இருக்கு, பதினேழு விதி. அது மேலதான் எல்லாரும் சட்டை மாட்டுவோம். மச்சானுக்குக் குத்தின அடுத்த வாரம் ஆபீஸ்ல இருந்து ட்ரெய்னிங் மேடம் வந்தாங்க. நம்ம பாஷைக்காரங்கதான், வாசனையா இருப்பாங்க, மூக்கப் பொத்திக்கிட்டே நிப்பாங்க. "விதிய எவனும் படிக்க மாட்டான், கதைன்னா படிப்பான். யாருக்காவது எழுத வருமா?"ன்னாங்க. பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கு பரிசு வாங்கினவன்னு நான் கொழுப்பெடுத்துப் போய் கையத் தூக்கினேன். மேல மாடியில ஏசி ரூம், நாற்காலி, நாத்தம் இல்ல. நல்லா வந்தா அங்கயே இருந்துக்கலாம்னாங்க. நடந்தத நடந்தபடியே எழுதிக் குடுத்தேன்.

படிச்சுட்டு, "நல்லாருக்கு தம்பி. ஆனா இவன் ஏன் கையுறை போடல?"ன்னாங்க.

"கையுறையே இல்ல மேடம்."

"அது கதை இல்ல, அது புகார். கதைன்னா ஆளுக்கு ஒரு பலவீனம் வேணும். தப்பு அவன் பண்ணணும், அப்பதான் படிக்கிறவன் திருந்துவான்."

நான் கேட்டேன், "போன் வந்துச்சுன்னு வச்சுக்கலாமா?"

"யார் போன்?"

"பொண்டாட்டி."

சிரிச்சுட்டாங்க. "எந்த ஊர்ல புருஷன் பொண்டாட்டி போனுக்கு கையுறையக் கழட்டிட்டு ஓடறான்?"

நானும் சிரிச்சேன். ஈன்னு பல்லக் காட்டி சிரிச்சேன். சிரிச்சுட்டு, "அப்ப புதுசா பழகின ஒருத்தின்னு போட்டுரலாம்"னு சொன்னது இந்த வாய்தான். அவங்க சொல்லல, நான் சொன்னேன்.

அதோட விட்டேனா? "ஆளைக் கண்ணு முன்னாடி நிறுத்து, நம்பற மாதிரி நாலு விஷயம் சேரு"ன்னாங்க. வழுக்கை விழுந்த அப்புறமும் சட்டைப் பையில சின்னப் பச்சை சீப்பு வச்சிருப்பான், யாராவது பேசினா அத எடுத்து இல்லாத முடிய சீவுவான்னு எழுதினேன். அவ ஒரு ஜோக் சொன்னா, இவன் சீப்ப எடுத்தான்னு எழுதினேன். மேடம் கை தட்டினாங்க. எனக்கு குளுகுளுன்னு இருந்துச்சு. பேர் போடலையே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனைச்சேன். மச்சானோட அந்த சீப்ப வச்சு அக்கா எத்தனை வருஷமா கிண்டல் பண்றா! படிச்ச உடனே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ரத்த டெஸ்ட் விஷயமும் முன்னாடியே தெரியும். ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டா. வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் போடுவாங்க.

சாப்பாட்டு ரூம்ல ஒட்டினாங்க. இது மேல யாரும் சட்டைய மாட்டல, எல்லாரும் நின்னு படிச்சானுங்க, போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினானுங்க. "என்ன மாமோய், இன்னைக்கு ஜோக் எதுவும் வரலையா?"ன்னு மச்சான ஓட்டறானுங்க. நான் ஒருத்தனப் பிடிச்சு, "சரிடா, ஊசி குத்தினா முதல்ல என்ன பண்ணணும்?"னு கேட்டேன். ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவணும், வாயில வச்சு உறிஞ்சக்கூடாது, உடனே மேல சொல்லணும். எல்லாம் அதே தாள்ல இருக்கு. அவனுக்குத் தெரியல. "அவ எந்த ஊருடா?"ன்னு திருப்பிக் கேட்டான். தூத்தேறி.

மச்சான் என்னைத் திட்டல. மடிப்பு மேசையில பக்கத்துல நின்னு விரிப்பு மடிச்சுக்கிட்டே, "நான் நோட்டீஸ் எதையும் படிச்சதில்ல மாப்ள. இத கடைசி வரைக்கும் படிச்சேன்"னார். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

இன்னைக்கு காலையில மாடிக்குப் போனேன். அதைக் கிழிச்சுடுங்க மேடம், குடும்பம் உடையுதுன்னு சொன்னேன். "இதுவரைக்கும் ஒட்டினதுலயே இதான் தம்பி ஓடியிருக்கு, மத்த கிளைக்கெல்லாம் அனுப்பிட்டோம்"னு சொல்லி, அடுத்தது இஸ்திரி மெஷின்ல விரல் போன ஆளோட கதை, எழுதுன்னு பேனாவ நீட்டினாங்க. அந்தப் பேனா மினுமினுன்னு சுத்தமா இருந்துச்சு. மாடி வேலையே வேண்டாம்னுட்டு கீழ இறங்கிட்டேன். மதியத்துல இருந்து பழைய இடந்தான், மூட்டை பிரிக்கிற இடம். கையுறை வந்துருச்சு, பயப்படாதீங்க அம்மா.

இறங்கி வந்து, மச்சானுக்குக் குத்தினப்ப மூணு நாளா கையுறை இல்லாம இருந்துச்சுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு சூப்பர்வைசர் மேசையில வச்சேன். அதுக்கு என்ன ஆகும்னு தெரியல. வேலை போனா போகட்டும்னு சொல்ல ஆசைதான், ஆனா பயமா இருக்கு.

மணி அடிக்கப் போகுது. இத யார் படிக்கிறீங்களோ, தங்கச்சியோ அப்பாவோ, இன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போங்க. எனக்காக நல்ல வார்த்தை எதுவும் சேர்க்காதீங்க, இருக்கறத இருக்கறபடியே சத்தமா படிச்சுக் காட்டுங்க. பொய் சொன்னது தம்பி, மச்சான் இல்லைன்னு சொல்லுங்க. என்கிட்ட அவ எப்பவும் பேச வேண்டாம். சனிக்கிழமை அவருக்குக் கதவ மட்டும் திறக்கச் சொல்லுங்க.