பின்சீற்றை வெட்டிய கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில். ஐம்பது தாண்டிய ஒரு தடித்த மனிதர், பெற்றோல் டாங்கியில் வயிற்றைக் கிடத்தி, முன்சில்லை மூக்கு தொடுமளவுக்குக் குனிந்தபடி காலி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போனார். ஏதோ விழுந்ததைத் தேடிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "அது கபே ரேசர். அப்பிடித்தான் ஓட வேணும்."

பழைய மோட்டார் சைக்கிளில் தேவையில்லாததையெல்லாம் வெட்டியெறிந்து, ஹாண்டிலைப் பதித்துச் செய்வதாம். ஒரு கடையில் கோப்பி குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் பறப்பதற்காம். அன்று அந்த வீதியில் யாரும் பறக்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் திறி வீலர் ஒன்று அவரை முந்திப்போனது.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்த மனிதரை விட மனம் வரவில்லை. பிறெடி என்று பெயர் வைத்து, கொட்டாஞ்சேனையில் குடியேற்றி, துறைமுகத்தில் கிளார்க் வேலையும் எடுத்துக் கொடுத்தேன். (இந்த ஊரில் வீடும் வேலையும் இவ்வளவு சுலபமாகக் கதைக்குள்தான் கிடைக்கும்.)

2

தொடக்கங்கள்:

"துறைமுகத்தின் மீது சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை" வேண்டாம்.

"இரும்புக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு ஆதியிலிருந்தே" இதற்கு அந்தச் சூரியனே பரவாயில்லை.

"ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறெடி, போனில் ஒரு வீடியோ பார்த்தான்." இது இருக்கட்டும்.

வீடியோவில் ஒரு மெலிந்த வெளிநாட்டுக்காரன் பழைய மோட்டார் சைக்கிளை அறுத்து, ஒட்டி, கறுப்படித்து, மலைப்பாதையில் ஓட்டிப் போனான். பிறெடி தலையை நிமிர்த்தி முற்றத்தில் நின்ற தன்னுடையதைப் பார்த்தான். பள்ளிக்கூட வாங்கு மாதிரி நீளச் சீற், அகல மட்காட், கம்பிகள், மூடிகள். இத்தனை காலமும் ஒரு அலுமாரியையா ஓட்டித் திரிந்தேன் என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

3

முதல் வரைவில் பிறெடிக்கு மனைவி இல்லை. தனி ஆள் என்றால் எனக்கு வேலை குறைவு. அந்தத் துணிவோடு தொழில் விவரம் கேட்க மருதானையில் ஸப்வானின் கராஜுக்குப் போனேன்.

"என்னையும் கதையில போடுங்க," என்றான் ஸப்வான். "ஆனா நான் பிழ உடுற மாதிரி எழுதப்படாது. கஸ்டமர்மார் வாசிப்பாங்க."

ஒத்துக்கொண்டேன். பிறெடியின் மோட்டார் சைக்கிளில் என்னென்ன இருக்கிறதென்று கேட்டான். மட்காட், செயின் கவர், சாரி காட் என்று அடுக்கிக்கொண்டு போனேன். ஸப்வான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"சாரி காட் ஈக்கா? அப்ப பொஞ்சாதி ஒராள் ஈக்கணுமே. சாரி சில்லுல சுத்துப்படாமத்தானே அதப் பூட்டுற. சும்மா ஆரு பூட்டுவாங்க?"

அப்படித்தான் எவ்லின் வந்தாள். மனைவி வந்த பிறகு சாரி காட் வாங்குவார்கள்; என் கதையில் சாரி காட்டுக்காக மனைவி வந்தாள். வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. ஞாயிறு தவறாமல் சேலை உடுத்து, பின்சீற்றில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, ஒரு கையில் செபமாலையும் மறு கை பிறெடியின் தோளிலுமாகப் பூசைக்குப் போகிற இருபத்துச் சொச்ச வருடத்தையும் கொண்டு வந்தாள். இதை நான் எங்கே வைப்பது? நான் கட்டத் திட்டமிட்டிருந்தது ஒற்றைச் சீற் வண்டி.

4

ஸப்வான் வெட்ட வெட்ட நானும் வெட்டினேன். அவன் மட்காட்டைக் கழற்றினான். நான் பிறெடியின் பிள்ளைப்பிராயத்தைக் கழற்றினேன். அவன் செயின் கவரை எறிந்தான். நான் கடற்காற்றை எறிந்தேன். சாரி காட்டும் போனது. அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு பின்சீற்றடிக்கு வந்தவன், நிமிர்ந்து பிறெடியைக் கேட்டான்.

"பின்னால ஏறுற ஆக்கள் ஈக்காங்களா அண்ணே?"

(கேட்காமல் வெட்டினால் அது அவன் பிழையாகிவிடும். பேச்சுப் பேச்சுத்தான்.)

"இல்ல தம்பி, நான் மட்டுந்தான்," என்றான் பிறெடி.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். அந்த நேரத்தில் எவ்லின் அவன் நினைவுக்கே வரவில்லை. முதுகுக்குப் பின்னால் இவ்வளவு காலம் இருந்தவளை அவன் வண்டியின் பாரத்தோடு சேர்த்துவிட்டான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னொரு வாய்ப்புக் கொடுப்போமென்று அந்த வரியை அழித்து அழித்து எழுதினேன். ஒவ்வொரு தரமும், "நான் மட்டுந்தான்," என்றான்.

ஸப்வான் அறுத்தான்.

வண்டி வடிவாகத்தான் வந்தது. பிறெடி அதன்மேல் படுத்து ஹாண்டிலைப் பிடித்தான். இடுப்பில் ஏதோ சொடக்கென்றது.

"முதுகு பிடிக்குதா அண்ணே?"

"சேச்சே, நல்லாயிருக்கு," என்றான் பிறெடி, நிமிர முடியாமல்.

5

எவ்லின் மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அழுதாள்.

"ஆர் அழுதது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "இஞ்ச பாருங்கோ சேர், நான் அழயில்ல. அத வெட்டுங்கோ. நீங்களும் வெட்டுறதுக்கெண்டே பிறந்த ஆள்தானே."

சரி, அழவில்லை.

"ஞாயிற்றுக்கிழம நான் எப்பிடிப் பூசைக்குப் போறது? அவர நான் கேக்கமாட்டன். அவருக்குத் தானா விளங்க வேணும். எழுதுறது நீங்க, நீங்க சொல்லுங்கோ."

பக்கத்தில் ஒரு பெட்டி பூட்டி, அதற்கு ஒரு சில்லும் வைத்து, அதில் எவ்லின் அமர்ந்து (அவள் பார்த்த பார்வையில் இந்த வாக்கியத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.)

6

புது வாகனம் எடுத்தால் கோயில் வளவுக்குக் கொண்டுபோய்ப் பாதரைக் கொண்டு மந்திரிக்க வேண்டும்.* பிறெடிக்கு இது புது வாகனம்தான். ஞாயிறு காலை எவ்லினுக்குத் திறி வீலர் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் குனிந்தபடி புறப்பட்டான். திறி வீலர் முதலில் போய்ச் சேர்ந்தது.

* வீட்டுக்காரர் முழுப்பேரும் வாகனத்தில் ஏறியிருக்க, தீர்த்தம் தெளிப்பார்கள். வான் என்றால் பக்கத்து வீட்டாரும் ஏறிக்கொள்வார்கள்.

பூசை முடிந்து பாதர் தீர்த்தச் செம்போடு வந்தார். பிறெடி வண்டிமேல் படுத்துக் காத்திருந்தான்.

"ரெண்டு பேரும் ஏறி இருங்கோ," என்றார்.

"ஒராள்தான் ஏறலாம் பாதர்."

"ஏன்?"

"இது கபே ரேசர் பாதர்."

"இருக்கட்டும். மிஸிஸ் எங்க இருக்கிறது?"

பிறெடி திரும்பிப் பார்த்தான். சீற் இருந்த இடத்தில் வெறும் காற்று; அதற்கப்பால் சேலையோடு எவ்லின் நின்றாள். தான் வெட்டியது யாரை என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்துப் போனது.

"நான் இரும்ப மந்திரிக்கிறேல்ல பிறெடி, அதில போற ஆக்களத்தான். ஆராவது ஒராள் இருங்கோ, கெதியா." அடுத்து நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்தார்.

பிறெடி இறங்கினான். பின்னால் எங்காவது ஒரு சாண் இடம் கிடைக்காதா என்று தடவிப் பார்க்கத்தான் இறங்கினான். எவ்லின் சேலைக் கொய்யகத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி இருந்தாள். பாதர் தெளித்தார். தீர்த்தம் அவள் நெற்றியில் வழிந்தது. அவள் உதைத்துக் கிளப்பினாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியுமா? தங்கச்சியின் ஸ்கூட்டரில் பழகியிருந்தாள். கியர் மாற்றுவதைப் பின்சீற்றிலிருந்து பிறெடியின் காலைப் பார்த்தே பிடித்திருந்தாள். இது பிறெடிக்குத் தெரியாது, எனக்கும் இப்போதுதான் தெரியும். (லைசன்ஸ் பற்றிக் கேட்பவர்கள் வேறு கதை வாசிக்கவும்.)

கேற்றால் வெளியே போய்விட்டாள்.

7

முடிவு ஒன்று: ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறாள். பிறெடி மன்னிப்புக் கேட்கிறான். விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: ஸப்வான் மறுபடி பின்சீற் பொருத்துகிறான். அவனிடமே கேட்டேன். "வெட்டினத ஒட்டலாம் சேர். ஆனா அவ ஏறுவாவா எண்டு நான் கெரண்டி தரமாட்டன்."

முடிவு மூன்று: அவள் களனிப் பாலத்தைத் தாண்டி...

பிறெடி கேற்றடியில் நிற்கிறான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எவ்லின் பார்த்துக்கொண்டு வந்தது அவன் முதுகை. அவள் முதுகை அவன் இன்றுதான் பார்க்கிறான். சின்ன முதுகு. குனிந்தும் குனியாமலும், வண்டிக்கு அளந்து செய்தது மாதிரி இருக்கிறது. அது தெருமுனையில் திரும்பி மறைந்தபோது அவனுக்குப் பயம் பிடித்தது.

"சேர், அவ எங்க போறா?"

"எனக்குத் தெரியாது பிறெடி."

"திரும்பி வந்தா எண்டு எழுதுங்கோவன். ஒரு வரிதானே."

எழுதினேன். எவ்லினைக் கேட்காமல் எழுதியது என்பதால் வெட்டிவிட்டேன்.

அவன் வீதியைப் பார்த்தபடியே, என் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"சரி, வாறா எண்டே வைப்பம். வந்தா, நான் எங்க இருக்கிறது?"

உங்களிடம் பதில் இருந்தால் அவனுக்கே சொல்லுங்கள். கேற்றடியில்தான் நிற்கிறான்.