தானாக விட்டுப் போனவர்

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் லின் அதே கேள்வியை ஐந்தாவது தடவையாகக் கேட்டபோது என் அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. இறக்கி வைக்க மனம் வரவில்லை. கிவ் அப், அபாண்டன் என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்கிறாள். டீச்சர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் எப்படி நகர்வது?

லின், மாத்தளை டவுனில் பல் கட்டும் சீனக்காரரின் மருமகள். புருஷனோடு கனடாவுக்குப் போக ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டுமாம். அவள் கொண்டுவந்த அகராதியில், விடுவது சம்பந்தமான எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரே சீனச் சொல்தான் போட்டிருந்ததாம், ஃபாங் ச்சி என்று. சுருட்டை விட்டாலும் ஃபாங் ச்சி, ஊரை விட்டாலும் ஃபாங் ச்சி. அந்தப் பாஷை எனக்குப் பிடித்துவிட்டது. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, பாருங்கள்.

படிப்பித்தவர் சந்திரகாந்தா டீச்சர். அரசாங்கப் பள்ளியில் பதினொரு வருட சேவை. தமிழர் வீடுகளை எரித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரைக்கும் எங்கள் எதிர்வீடு. வீடு எரிந்த பிறகு நாற்பத்து மூன்று நாள் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்து, என் புருஷன் பலீல் பழைய ரேடியோப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த பக்கத்து அறையில் இருந்தார். அறையைக் கொடுத்தது நாங்கள்தான். தெருவில் அதைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அது என் தவறல்ல.

முகாமிலிருந்து வந்தவருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. அதைச் சிங்களத்தில் வாசித்து எனக்குச் சொன்னவர் அவரே. லீவு கேட்காமல் இத்தனை நாள் வேலைக்கு வராதபடியால் 'சேவய ஹெர கியா', சேவையைத் தானாக விட்டுப் போனவர், என்று கருதப்படுகிறாராம். முகாமிலிருந்து யாரிடம் லீவு கேட்பது? கல்விக் கந்தோர் படியேறி அதையே கேட்டிருக்கிறார். அங்கிருந்த கிளார்க் பேனையைக் காதில் சொருகிக்கொண்டு இரண்டு வழி சொன்னானாம். தானாகத்தான் விட்டேன், மன்னியுங்கள் என்று எழுதிக் கொடுத்தால் புது ஆளாக எடுப்பார்கள். பதினொரு வருடத்தையும் மறந்துவிட வேண்டியது. இல்லையென்றால், அவரை விரட்டியதைக் கண்ணால் கண்ட ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அப்படியானால் பழைய வேலை, பழைய சேவைக்காலம். கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை.

கண்ணால் கண்ட ஒருவர்.

மீன்காரன் எந்த வீட்டு வாசலில் எத்தனை நிமிடம் நின்றான் என்று எனக்குத் தெரியும். சாலிஹ் வீட்டுக் கல்யாணப் பேச்சு முறிந்தது மாப்பிள்ளைக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும். கலவரத்தன்றைக்கும் மேல்மாடி ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு நின்றேன். டீச்சர் வெறுங்காலோடு ஓடி வந்தார். கையில் நகையில்லை, உடுப்பில்லை. திருத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் கொப்பிக் கட்டு. எங்கள் கதவைத் தட்டினார். மூன்று தடவை. தலையைத் தூக்கி ஜன்னலையும் பார்த்தார். பலீலின் கை என் தோளில் இருந்தது. பிறகு டீச்சர் சந்துப் பக்கம் ஓடினார்.

போன கிழமை அவர் என் குசினி வாசலில் வந்து நின்றார். அக்கா முறை வைத்து என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, நீங்க பாத்தத ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அண்டைக்கி எனக்குத் தலவலி டீச்சர். படுத்துத்தான் ஈந்த. ஒண்டும் காணல்ல."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இந்தத் தெருவில் கேட்க வேறு ஆளே கிடைக்கவில்லையா? பலீல் முன்னமே சொல்லியிருந்தார்: "எங்கட கடையும் இந்தத் தெருவுலதான் ஈக்கி. மறந்துராத."

இப்போது வியாழக்கிழமை பின்னேரம். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் பாதி ஆங்கிலமும் பாதி சிங்களமுமாக ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்கொண்டிருந்தார். கிவ் அப் என்பது நீயாக விடுவது. உன் மாமனார் சுருட்டை விட்டது போல. சரண்டர் என்றால் கழுத்தில் கத்தி இருக்கும்போது கொடுப்பது. வெக்கேட் என்றால் வீட்டை ஒழித்து, கூட்டிப் பெருக்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவது. இந்த இடத்தில் அவர் சிரித்தார். எதிரே அந்த வீட்டுக்குக் கூரையே இல்லை. சாவி மட்டும் இன்னும் அவர் கைப்பையில் கிடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

அபாண்டன் என்றால், காப்பாற்ற வேண்டியவரை விட்டுவிட்டுப் போவது.

லின் எழுதும் சத்தம் கேட்டது. கெட்டிக்காரி, சும்மா எழுதிவிட்டுப் போக மாட்டாள். அவளுக்கு ஒரு சந்தேகம். போவது என்று சொல்கிறீர்களே டீச்சர், எங்கேயும் போகாமல், நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஒருவரை அபாண்டன் பண்ண முடியுமா? அப்படி எழுதினால் பரீட்சையில் பிழை போடுவார்களா?

நாற்காலி நகர்ந்தது. டீச்சரின் குரல் பலகைக்கு மிக அருகில் வந்தது. தமிழில் வந்தது.

"முடியும். மேல்மாடி ஜன்னல்ல நின்னுக்கிட்டே முடியும். இல்லீங்களா ராத்தா?"

நான் பலகையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பருப்பு தீயிது. எறக்கி வைங்க."

இறக்கி வைத்தேன். கை சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. அறை கொடுத்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? எரிந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு மின்குமிழ் மாட்டிக் கொடுத்தேன், பாய் கொடுத்தேன், கஞ்சி கொடுத்தேன். வாய்க்குள் திட்டிக்கொண்டே சட்டியைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டக் கறுப்புத்தான் வந்தது. தோளில் ஒரு கை இன்னும் அழுத்திக்கொண்டிருப்பது போலிருந்தது, உதறினேன். அன்றைக்கு அது அப்படியொன்றும் பலமான கை அல்ல. உதறியிருந்தால் விழுந்திருக்கும்.

பலீலின் கணக்குக் கொப்பியில் நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு முன்னறை மேசையில் உட்கார்ந்தேன். இவ்வளவு கதை சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு வரி வரவில்லை. 'ஆஸியா பலீல் ஆகிய நான்' என்று எழுதினேன். 'மேல்மாடி ஜன்னலில்' என்று எழுதினேன். 'இருந்து' என்பதா, 'நின்று' என்பதா? சுவருக்கு அப்பால் லின், தான் எழுதியதைப் பாடம்பண்ணிக்கொண்டிருந்தாள். ஷி டிட் நாட் வெக்கேட். ஷி டிட் நாட் கிவ் அப்.

கடை பூட்டி வந்த பலீல் கதவைத் தட்டினார். உள்தாழ் போட்டிருந்தேன். நான் திறக்காமல் அவர் உள்ளே வர முடியாது. மறுபடி தட்டினார். என் பெயரைச் சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவையும் தட்டினார்.

எழுந்து போய்த் திறக்கவில்லை. 'நின்று' என்று எழுதினேன். பேனை முனை தாளில் ஊன்றிய இடத்தில் மை ஊறி வட்டமாகப் பெருத்துக்கொண்டிருந்தது.