வில்ஃப் காவல் இருந்த புட்டிங்

வலது கை விழுந்துபோன அந்த வருஷமும் கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் தானேதான் செய்வேன் என்று ஹெட்டி ஆல்சப் சொன்னபோது, மறுத்துப் பேச அவள் கணவர் வில்ஃபுக்குத் தைரியம் வரவில்லை. போர் முடிந்து, ரேஷனும் ஒழிந்து, கடைகளில் உலர்பழம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் தெரு சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கீழே, இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைச்சரிவில் இருந்தது. வில்ஃப் அந்தக் குவாரியில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார்.

கோடையில் ஹெட்டிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் முக்கால்வாசி திரும்பியது, கை மட்டும் திரும்பவில்லை. டெர்பியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் மேவிஸ், இந்த வருஷம் புட்டிங்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"கடைப் புட்டிங்க என் மேசையில வெச்சா, பக்கத்துலயே என்னையும் படுக்க வெச்சு மெழுகுவத்தி ஏத்திடுங்க" என்றாள் ஹெட்டி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே புட்டிங் கலவையைக் கிளறி வைக்கும் 'கிளறும் ஞாயிறு' அன்று, தேவாலயத்திலிருந்து திரும்பியதும் தொடங்கினாள். திராட்சையின் கொட்டையை இடது கையால் நசுக்கி எடுத்தாள். ஒன்று எடுக்கும் நேரத்தில் முன்பு பத்து எடுத்திருப்பாள். வில்ஃப் கிண்ணத்தை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மாட்டுக் கொழுப்பைத் துருவினாள், கேரட்டைத் துருவினாள், விரல் கணுவையும் கொஞ்சம் துருவிக்கொண்டாள். வில்ஃப் கை நீட்டியபோதெல்லாம் முழங்கையால் தள்ளிவிட்டாள். ரொட்டித்தூள், பழுப்புச் சர்க்கரை, ஜாதிக்காய், கரும்பாகு, கடைசியாகக் கறுப்பு பீர். எல்லாம் சேர்ந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கப்படி வில்ஃப் ஒரு சுற்று கிளறினார். பிறகு ஹெட்டி மரக்கரண்டியை இடது கையில் பிடித்து, கிழக்கிலிருந்து மேற்காக மெல்லச் சுற்றினாள். கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் பலிக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

மறுநாள் காலை அவள் சொல்லச் சொல்ல வில்ஃப் கிண்ணத்தின் வாயைக் காகிதத்தாலும் துணியாலும் மூடி, புட்டிங் உப்புவதற்கு இடம் விட்டு நூலால் கட்டினார். பானையில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தை இறக்கி, கேஸ் அடுப்பில் ஏற்றினார்.

"சாயங்காலம் வரைக்கும் வேகணும். தண்ணி பாதிக்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா கொதிக்கிற தண்ணியா ஊத்து. உன் வேலை அவ்வளவுதான், வில்ஃப்" என்று சொல்லிவிட்டு ஹெட்டி மாடிக்குப் போய்ப் படுத்தாள். முந்தைய நாள் உழைப்பு அவளை அப்படியே சாய்த்துவிட்டது.

வில்ஃப் மதியம் வரை அடுப்பங்கரையைவிட்டு நகரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு முறை வெந்நீர் ஊற்றினார். ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தார். பிறகுதான் பக்கத்து வீட்டு ஆர்ச்சி ஃபெர்ன் கதவைத் தட்டினார். மதுக்கடையில் டாமினோ ஆட ஒரு ஆள் குறைகிறதாம், ஒரே ஒரு ஆட்டம்தானாம். கோடையிலிருந்து வில்ஃப் அந்தப் பக்கம் போகவே இல்லை. பானையை எட்டிப் பார்த்தார், தண்ணீர் இருந்தது. கோட்டை எடுத்து மாட்டினார்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தார். ஜெயித்தவன் எழுந்து போவது மரியாதையில்லை என்று மற்றவர்கள் உட்கார வைத்தார்கள். இரண்டாவதிலும் ஜெயித்தார். மாதக்கணக்கில் நோயாளியின் வீட்டில் அடைந்து கிடந்த மனுஷனுக்கு அந்தச் சிரிப்பும் புகையும் தலைக்கேறிவிட்டன. பானையின் ஞாபகம் வந்தபோது அவர் கையிலிருந்த டாமினோ கட்டைகள் மேசையில் சரிந்தன. சரிவான தெருவில் அந்த வயதில் ஓடினார்.

வாசலிலேயே வாடை அடித்தது. பானை வற்றி, அடி சிவந்து, கிண்ணம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்தது பாதிக்கு மேல் கரி. மீதியில் உடைந்த பீங்கான் சில்லுகள். அடுப்பை அணைத்தார், ஜன்னல்களைத் திறந்தார், நின்றார்.

சொல்லிவிடத்தான் படியேறினார். அறைக் கதவைத் திறந்தபோது ஹெட்டி விழித்திருந்தாள். கோடைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை அவர் பார்த்ததில்லை.

"என்னமோ கருகுன வாசனை வருது" என்றாள்.

"பால் பொங்கிடுச்சு."

"உனக்குப் பால் காய்ச்சக்கூடத் தெரியாது. புட்டிங்?"

"அது பாட்டுக்கு வேகுது" என்றார் வில்ஃப்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கரியையும் சில்லுகளையும் தோட்டத்து மூலையில் புதைத்தார். ஹெட்டி இறங்கி வருவதற்குள் காலிப் பானையில் தண்ணீர் ஊற்றி மூடி போட்டு, சாயங்காலம் வரை அதைக் கொதிக்க வைத்தார். அவள் எதிரிலேயே, உள்ளே ஒன்றுமில்லாத பானைக்கு, வெந்நீர் ஊற்றினார்.

மறுநாள் பஸ் ஏறி, தெரிந்த முகம் கண்ணில் படாத மாட்லாக் நகரத்துக்குப் போய் ஒரு புட்டிங்கும், உடைந்ததைப் போலவே ஒரு வெள்ளைக் கிண்ணமும் வாங்கினார். புட்டிங்கைக் கிண்ணத்தில் அழுத்தி, மேலே கொஞ்சம் பிராந்தி தெளித்து, புதுக் காகிதமும் துணியும் கட்டி, பின் அறையில் குளிர்ச்சியான அலமாரியின் உச்சியில் வைத்தார். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் வரை அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வேலை முடிந்தது என்று நினைத்தார். வேதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஹெட்டி தன் புட்டிங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அதற்கு முன் அவள் பெருமை பேசுகிறவளே அல்ல. வாரந்தோறும் வரும் நர்ஸ் பெண் லெட்டிஸ் பேக்வெல்லிடம் முதலில் சொன்னாள். லெட்டிஸ் நம்பாததுபோலக் கண்ணை விரித்ததும், வில்ஃபிடம் அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னாள். மடியில் வைத்து, துணிமேல் மூக்கை வைத்து முகர்ந்து, இடது கையால் தட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரம் லெட்டிஸ் வந்து, மேல்தெருவில் கை விழுந்து அழுதுகொண்டே இருக்கும் இன்னொரு பெண்மணிக்கு ஹெட்டியின் கதையைச் சொன்னதாகவும், அந்த அம்மாள் அன்றைக்கே எழுந்து உருளைக்கிழங்கு உரித்ததாகவும் சொன்னாள். ஹெட்டி சிரித்தாள். வில்ஃப் கணப்புக்குக் கரி எடுத்துவருகிறேன் என்று வெளியே போனார்.

பாதிரியார் வந்தபோதும் கிண்ணம் இறங்கியது. தேநீர்க் கோப்பையோடு அவர் ஹெட்டியைப் பாராட்ட, அவள் தலையாட்டி மறுத்தாள்.

"பாதி புண்ணியம் இவருக்குத்தான். நாள் முழுக்க அடுப்ப விட்டு நகரவே இல்ல, பாவம்."

வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்தபடி நின்றார். பாதிரியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை அன்று இரவு உணவுக்கு முன் வெகுநேரம் கழுவியதாக வில்ஃப் பின்னால் ஆர்ச்சியிடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட நினைத்தார். ஆனால் ஒரு நாள் தள்ளிப்போனால், அந்த நாளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மேவிஸும் அவள் கணவன் கென்னும் வந்தார்கள். வாத்துக்கறி முடிந்ததும் வில்ஃப் புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்து, பிராந்தி ஊற்றிப் பற்றவைத்து, நீலச் சுடரோடு கொண்டுவந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் துண்டை ஹெட்டிக்கு வைத்தார்கள், ஆனால் அவள் மற்றவர்கள் சாப்பிடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இன்னொரு துண்டு" என்று கென் தட்டை நீட்டினான்.

"அம்மா, பொய் சொல்லல, எல்லா வருஷத்தையும்விட இதுதான் நல்லா இருக்கு" என்றாள் மேவிஸ்.

அப்போதுதான் ஹெட்டி கரண்டியை வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள், இந்த முறை மெதுவாக, எதையோ தேடுகிறவள்போல. பிறகு கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை, வில்ஃபைத் தவிர. அவள் தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. ஆனால் ஹெட்டி அவரைப் பார்க்கவே இல்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வானொலியில் ராணியின் கிறிஸ்துமஸ் உரைக்காக மற்றவர்கள் முன்னறைக்குப் போனதும், அவள் தடியை ஊன்றி அடுப்பங்கரைக்கு வந்தாள். வில்ஃப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வில்ஃப், நான் அன்னிக்கு கேரட் போட்டேனா?"

"போட்ட."

"பாகு?"

"போட்ட, ஹெட்டி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கு எல்லாம் போட்ட ஞாபகம் இருக்கு. ஆனா வாயில வெச்சா வேற யாரோ செஞ்சது மாதிரி இருக்கு. அவங்க எல்லாம் நல்லா இருக்குன்றாங்க. அப்போ கோளாறு எங்கிட்டதான். கைக்கு அப்புறம் நாக்கு. நாளைக்கு உன் முகமும் எனக்கு வேற யாரோ மாதிரி தெரிஞ்சா என்ன செய்வ?"

 ஆஸ்பத்திரியில்கூட அவள் இப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை. வில்ஃப் ஈரக் கையோடு திரும்பினார். தண்ணீர் தரையில் சொட்டியது. ஆர்ச்சி வந்ததிலிருந்து மாட்லாக் பஸ் வரை எதையும் மறைக்காமல், எதற்கும் சமாதானம் சொல்லாமல், எல்லாவற்றையும் சொன்னார்.

ஹெட்டி நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ என் நாக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"சரியாத்தான் இருக்கு."

"டாமினோல ஜெயிச்சியா?"

"ரெண்டு ஆட்டம்."

அவள் சிரிக்கவில்லை. "எரிஞ்சது எரிஞ்சு போகட்டும். அடுப்புல வெச்சா எரியத்தான் செய்யும். ஆனா நான் அந்த நர்ஸ் பொண்ணுகிட்ட, பாதிரியார்கிட்ட, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்த. கிண்ணத்த நீயே எறக்கிக் குடுத்த. என்னைய ஒரு பைத்தியக்காரி மாதிரி கடைச்சரக்க மடியில வெச்சுக் கொஞ்ச விட்ட."

  வில்ஃப் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். உரை முடியும்வரை கதவோரம் நின்று, வானொலியை அணைத்துவிட்டு, மகளிடமும் மருமகனிடமும் சொன்னார். கென் வாய்விட்டுச் சிரித்தான், மேவிஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"எல்லா வருஷத்தையும்விட நல்லா இருக்குன்னு நான்ல சொன்னேன்" என்றாள் மேவிஸ். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹெட்டி முன்னறையின் வாசற்படியில் வந்து நின்றாள். "கடைப் புட்டிங்தான் உனக்குப் பிடிக்கும்னா சின்னப் பிள்ளையிலயே சொல்லியிருக்கலாம், மேவிஸ். திராட்சைக்குக் கொட்டை எடுக்குற வேலை எனக்கு எவ்வளவு மிச்சமாயிருக்கும்."

இதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அவள் கேட்காமலே வில்ஃப் அந்த வாரம் வீடு வீடாகப் போனார். பாதிரியாரிடம் சொன்னார். அவர் மன்னிப்பைப் பற்றி ஏதோ தொடங்க, வில்ஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். லெட்டிஸிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மேல்தெரு அம்மாளிடம் தான் இனி என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். அதற்கு வில்ஃப் தானே மேல்தெருவுக்கு ஏறிப்போய், ஹெட்டி ஒரு கையால் செய்தது சத்தியம் என்றும், அதைக் கெடுத்தது இரண்டு கையுள்ள தான் என்றும் அந்த அம்மாளின் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். மதுக்கடையில் அவரை யாரும் சும்மா விடவில்லை. உள்ளே நுழைந்தாலே, "அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?" என்று எங்காவது ஒரு குரல் வரும். அவர் பதில் சொல்லாமல் உட்காருவார்.

ஹெட்டி பிப்ரவரி வரை அவரோடு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் உலர்பழம் வாங்கிவரச் சொன்னாள். ஈஸ்டருக்குப் புட்டிங் வைப்பதும் எங்கள் பக்கத்தில் உண்டுதான். மறுபடியும் இடது கையால் எல்லாவற்றையும் செய்தாள். வேக வைத்த நாளில் அவள் மாடிக்குப் போகவில்லை. அடுப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்" என்றார் வில்ஃப்.

"பார்த்துக்கோ" என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவர் வெந்நீர் ஊற்றும்போதெல்லாம் அவள் கண் பானைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இருட்டும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். நடுவில் ஒருமுறை, கழுத்து வலிக்கிறது, ஒரு தலையணை எடுத்துவா என்று அவள் கேட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு தனக்கென்று அவரிடம் அவள் கேட்ட முதல் உதவி அது. அவர் மாடிக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார்.